உள்ளதில் மோசமான கேமரா

“இந்த மூணுலயும் ரொம்ப மோசமா படம் எடுக்கிறது எதும்மா?” என்று கேட்டார் ஆய்வாளர்.

கண்ணாடி மேசைக்கு அப்பால் நின்ற விற்பனைப் பெண், அவர் வாய்தவறிச் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டு முதல் கைபேசியை நீட்டினாள். படம் பளிச்சென்று விழும் என்றாள். ஆய்வாளர் அதைத் தொடவில்லை. சுடச்சுட இறக்கிவைத்த பாத்திரத்தைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

கேமரா வைத்த கைபேசிகள் அப்போதுதான் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தன. அவருடைய அலுவலகம் ஒப்பந்தம் செய்திருந்த இணைப்பு நிறுவனம் அப்படிப்பட்டவற்றில் மூன்றே மாதிரிகளை விற்றது. வெளியே வாங்கும் கைபேசியில் அந்த நிறுவனத்தின் இணைப்பு வேலை செய்யாது. ஆகவே உலகத்தில் எத்தனை கைபேசிகள் இருந்தாலும் ஆய்வாளருக்கு இருந்தவை மூன்று.

ஒன்று, மடக்கித் திறப்பது. இன்னொன்றில் கேமராவுக்குப் பக்கத்தில் பொட்டளவு கண்ணாடி பதித்திருந்தது. படம் எடுத்துக்கொள்பவர் தம் முகத்தை அதில் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதில் கேமராவே இல்லை. தீப்பெட்டியில் பாதியளவு இருந்த அதைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். வேண்டும்போது கைபேசியின் அடியில் செருகிக்கொள்ள வேண்டும்.

ஆய்வாளர் எதையும் முறைப்படி செய்பவர். மூன்றாலும் சுவர்க் கடிகாரத்தைப் படமெடுத்துக் காட்டச் சொன்னார். முதலாவதில் நொடிமுள்கூடத் தெரிந்தது. இரண்டாவதில் எண்கள் தெரிந்தன. மூன்றாவதில் கடிகாரம், தண்ணீரில் ஊறிய பிஸ்கட்டைப் போல விழுந்திருந்தது. இரண்டு நாட்களாக வாடியிருந்த ஆய்வாளரின் முகத்தில் சிறிது வெளிச்சம் வந்தது.

“இந்தக் கேமரா கழண்டு வருமா?”

“வேணாம்னா கழட்டி வெச்சுக்கலாம் சார்.”

“தொலைஞ்சு போகுமா?”

“பத்திரமா வெச்சிருந்தா போகாது சார்.”

“பத்திரமா வெச்சுக்கலேன்னா?”

விலையைக் கேட்டவர்கள், நிறத்தைக் கேட்டவர்கள், உத்தரவாதம் எத்தனை மாதம் என்று கேட்டவர்கள் எல்லாரையும் அவள் பார்த்திருந்தாள். தொலைந்துபோவதற்கு உத்தரவாதம் கேட்டவரை அன்றுதான் பார்த்தாள்.

“அப்படின்னா போயிடும் சார்,” என்றாள் குரலைத் தாழ்த்தி. போனால் அந்தத் துண்டு மட்டும் தனியாகக் கிடைக்காது என்றும் எச்சரித்தாள்.

“இதையே குடுத்துடுங்கம்மா,” என்றார் ஆய்வாளர்.

அவர் மின்தூக்கி ஆய்வாளர். பதினோரு ஆண்டுகளாக நகரத்தின் மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்று வழங்குகிறார். தெருவில் அவரை ‘லிஃப்ட் சார்’ என்றுதான் அழைப்பார்கள். சோதனைப் படிவத்தில் நாற்பத்திரண்டு பத்திகள். அவற்றுள் நாற்பத்தொன்றை அவரளவுக்கு நேர்மையாக நிரப்பியவர் துறையில் எவருமில்லை. படியேறி உச்சிக்குப் போவார். மோட்டார் அறையில் கம்பிவடத்தின் தடிமனை அளப்பார். பிரேக்கைப் பிரித்துப் பார்ப்பார். ஒவ்வொரு மாடியிலும் கதவில் காதை வைத்து, உள்ளே போய்வரும் பெட்டியின் ஓசையைக் கொண்டே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். அவர் சான்று கொடுத்த மின்தூக்கி எதுவும் இன்றுவரை யாரையும் நடுவழியில் நிறுத்தியதில்லை.

மீதமிருந்த ஒன்று, பதினேழாம் பத்தி. ‘பெட்டிக்குள் பயணம் செய்து சோதிக்கப்பட்டதா?’ அதற்கு நேரே ‘ஆம்.’ என்று எழுதி முற்றுப்புள்ளியும் வைப்பார். அவர் எழுத்தில் இருந்த ஒரே பொய் அதுதான். ஒரே சொல் என்பதால் அதில் பிழையும் நேர்ந்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பெட்டிக்குள் ஏறினார். கதவு மூடியது. பெட்டி மேலே போனது. கதவு திறந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. வடம் அறுந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். ஒன்றுமே நடக்காததற்கு எப்படிப் பயப்படலாம் என்று அவரே பலமுறை தம்மைக் கேட்டுக்கொண்டார். ஆனாலும் அந்தச் சில நொடிகளில், தம்மை ஒரு மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டு, எந்த இழுப்பறை என்பதை மறந்துவிட்டார்கள் என்று தோன்றியது. அதன்பின் அவர் எந்தப் பெட்டிக்குள்ளும் கால் வைக்கவில்லை.

இது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அவர் மனைவிக்கும் தெரியாது.

இரண்டு மாதங்களுக்கு முன்பு புதிய இயக்குநர் வந்தார். புள்ளிவிவரத் துறையிலிருந்து பதவி உயர்வில் வந்தவர், அதிகம் பேசாதவர். வந்த அன்றே தம் அறையை மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றிக்கொண்டார். யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று கண்காணிக்கத்தான் என்று அலுவலகம் ஒருமனதாக முடிவுகட்டியது. அடுத்து ஒரு சுற்றறிக்கை விட்டார். இனி ஒவ்வொரு சோதனையின்போதும் பெட்டிக்குள்ளிருந்து படம் எடுத்து அனுப்ப வேண்டும். முதலில் முன்னோட்டமாக, மிகுந்த அனுபவமுள்ள ஆய்வாளர் ஒருவருக்கு மட்டும் கேமரா கைபேசி. மாதிரியை அவரே தேர்ந்தெடுக்கலாம்.

ஆய்வாளர் அதை நான்கு முறை படித்தார். ஒரு பிழைகூட அகப்படவில்லை. அதனால் அச்சம் கூடியது.

அன்று மாலையே இயக்குநர் அவரை அழைத்து, தலை நிமிராமல், கையில் பேனாவோடு கேட்டார்.

“கதவு மூடினதும் உள்ள காத்து வருமா?”

மேலும் கீழும் காற்றுத் துளைகள் எவ்வளவு பரப்பில் இருக்க வேண்டும் என்ற விதியை ஆய்வாளர் ஒப்பித்தார். இயக்குநர் அதை எழுதிக்கொண்டார்.

“மேல போறப்போ தரை ஆடுமா?”

“ஆடக் கூடாதுங்க ஐயா.”

“கூடாதுங்கறது சரி. ஆடுமா?”

ஆய்வாளரின் முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. ஏறியவனுக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வி. “லேசா ஆடும்ங்க,” என்றார். இயக்குநர் அதையும் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். அது தம் வேலைக்கு அடியில் போட்ட கோடு என்றே ஆய்வாளருக்குப் பட்டது. பொய்ச்சான்று எழுதியவர் என்று தெரிந்தால் வேலை போகும்; பதினோரு ஆண்டுச் சான்றுகளும் செல்லாதவையாகும்; தெருவில் அவருக்கு வேறு பெயர் வைப்பார்கள்.

அதனால்தான் தேடித் தேடி மூன்றாவது கைபேசியை வாங்கினார்.

மனைவி அந்தத் துண்டுக் கேமராவை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள்.

“இது தொலைஞ்சிடும்ங்க.”

“ஆமாம்ல?” என்றார் ஆய்வாளர். அந்தச் சொல்லில் இருந்த நம்பிக்கையை அவள் கவலை என்று எடுத்துக்கொண்டாள். காலையில் அவர் எழுந்தபோது, மிஞ்சிய திரைச்சீலைத் துணியில் ஒரு பச்சைப் பை தைத்து முடித்திருந்தாள். வாய்க்கு அழுத்துப் பொத்தான், கழுத்தில் மாட்ட முறுக்கிய கயிறு, பையின் மேல் அழியாத மையில் அலுவலகத்தின் முழு முகவரி.

“உங்க மறதிதான் எனக்குத் தெரியுமே,” என்றாள்.

“எனக்கு மறதியே கிடையாதே.”

“பாத்தீங்களா, அதுகூட மறந்துபோச்சு.”

முதல் சோதனை ஒரு நான்கு மாடி மருத்துவமனையில். ஆய்வாளர் நடைபாதையிலேயே நின்றார். மின்தூக்கி இயக்குபவரைக் கதவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கையை மட்டும், முதலையின் வாய்க்குள் நீட்டுவதுபோல, உள்ளே நீட்டினார். கைபேசி ‘கிளிக்’ என்றது. சாம்பல் நிறத்தில் ஏதோ விழுந்திருந்தது. சுவரென்றால் சுவர், மேகமென்றால் மேகம். நிம்மதியாக அனுப்பினார்.

மூன்று நிமிடத்தில் இயக்குநரே கூப்பிட்டார்.

“இருட்டா இருக்கே.”

கேமரா அப்படிப்பட்டது என்று ஆய்வாளர் வருத்தத்தோடு தெரிவித்தார். நிறுவனம் விற்கும் மூன்றில் ஒன்று அது என்றும் சேர்த்துக்கொண்டார்.

“கதவு தெறந்திருக்கிற மாதிரி இருக்கு,” என்றது மறுமுனை. “மூடினதுக்கப்புறம் எடுங்க. உங்க முகமும் வரணும்.”

“என் முகமாங்க ஐயா?”

“முகம்தான் முக்கியம்.”

ஆய்வாளர் மருத்துவமனைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எதிரே வந்த செவிலி, எந்த மருத்துவரைப் பார்க்க வந்திருக்கிறார் என்று கேட்டாள்.

சந்தேகமே இல்லை, இயக்குநருக்குத் தெரிந்துவிட்டது. மூடிய பெட்டிக்குள் தம் முகம் இருக்கும் படத்தை எப்படிக் கொண்டுவருவது என்று வீட்டுக்கு வந்து யோசித்தார். படுக்கையறையில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டார், நடுத்தட்டைக் கழற்றினார், ஒரு காலை உள்ளே வைத்தார். கதவு தானாக நகர்ந்து தோளைத் தொட்டது. ஆய்வாளர் வெளியே பாய்ந்த வேகத்தில் அலமாரி சுவரில் மோதியது.

ஓசை கேட்டு வந்த மனைவி, துணிக்குவியலையும் கணவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“என்ன தேடுறீங்க?”

“உள்ள எவ்வளவு எடம் இருக்குன்னு பாத்தேன்.”

“துணிக்கா, உங்களுக்கா?”

அவர் துணிகளை மடித்து, முன்பிருந்த வரிசையிலேயே அடுக்கினார்.

மறுநாள் காலை, பச்சைப் பையைக் கேமராவோடு பேருந்தின் கடைசி இருக்கையில் வைத்துவிட்டு, இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கினார். பேருந்து திருப்பத்தில் மறையும்வரை நின்று பார்த்தார். பிறகு, பல ஆண்டுகளாக நடக்காத வேகத்தில் நடந்தார். வழியில் ஒரு கடைக் கண்ணாடியின் முன் நின்று, தொலைத்தவரின் முகத்தை இரண்டு முறை ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

அந்த முகத்தோடு இயக்குநரின் அறைக்குள் நுழைந்தார். மேசைமேல் பச்சைப் பை இருந்தது.

அதே பேருந்தில் வந்த ஓர் ஆசிரியை, முகவரியைப் படித்துவிட்டு, தம் பள்ளிக்குத் தாமதமானாலும் பரவாயில்லையென்று நேரில் வந்து கொடுத்துவிட்டுப் போனாராம்.

“உலகத்துல நல்லவங்க இருக்காங்க,” என்றார் இயக்குநர்.

“இருக்காங்க ஐயா,” என்றார் ஆய்வாளர். அந்த உண்மை அவரை அவ்வளவு வாட்டியது அதுவே முதல்முறை.

இயக்குநர் யோசித்தார். தனியாகப் போவதால்தான் இப்படியெல்லாம் நேர்கிறது என்றும், இனித் தம் ஓட்டுநர் கூடவே வருவார் என்றும், காரில் இருக்கும் பெரிய விளக்கை அவர் பிடித்தால் இருட்டுப் பிரச்சினையும் தீர்ந்தது என்றும் சொன்னார். இரண்டு கவலைகளை ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிட்ட திருப்தி அவர் குரலில் இருந்தது. நாளைக்கே ஒரு பதினோரு மாடிக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார்.

“அடியில ஒண்ணு, நடுவுல ஒண்ணு, உச்சியில ஒண்ணு. மூணுலயும் முகம்.”

ஆய்வாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கேமரா தெளிவாக இருந்தால் ஆபத்து என்று மோசமானதை வாங்கினார். கேமரா மோசம் என்பதால் விளக்கு வந்தது. தொலையட்டும் என்று கழல்வதை வாங்கினார். தொலைந்ததால் சாட்சி வந்தது. முதல் கைபேசியையே வாங்கியிருந்தால் இந்நேரம் தனியாக, இருட்டில், நிம்மதியாகப் பயந்துகொண்டிருக்கலாம்.

ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர். அகன்ற தோள், மெல்லிய குரல். கட்டடத்தை நெருங்கும்போது கேட்டார்.

“சார், உங்களுக்குப் பயமே இருக்காதா?”

ஆய்வாளர் கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். “எதுக்குப் பயம்?”

“இல்ல சார். சும்மா கேட்டேன்.”

சும்மா கேட்கிறவர் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பாரா? இவர் ஓட்டுநர் அல்லர், ஒற்றர் என்று ஆய்வாளர் தீர்மானித்தார்.

முதலில் மோட்டார் அறை, அதுதான் முறை. பதினோரு மாடியையும் படியேறினார். ஆறாம் மாடியில் ஓட்டுநர் படியிலேயே உட்கார்ந்து, தாம் அங்கேயே இருப்பதாகக் கையால் தெரிவித்தார். மேலே ஆய்வாளர் வடத்தை அளந்தார், பிரேக்கைப் பார்த்தார், வேகம் மிஞ்சினால் பெட்டியை நிறுத்தும் சக்கரத்தை மும்முறை சுழற்றினார். பதினோரு ஆண்டில் முதல்முறையாக ஒரு மின்தூக்கியில் பழுதிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். ஒரு நூலிழை பிரிந்திருந்தால் போதும், சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நாற்பத்தொரு பத்தியும் குறையின்றி இருந்தன. ஆண்டுதோறும் குறை சொல்லிச் சொல்லி அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

ஆறாம் மாடியில் ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு படியிறங்கித் தரைத்தளத்துக்கு வந்தார். மின்தூக்கி இயக்குபவர் எழுந்து, கதவைத் திறந்து, ஒதுங்கி நின்றார்.

“சார் இன்னிக்கி உள்ளயா?” என்று கேட்டார் அவர், வியப்போடு.

“எப்பவும்போலத்தான்,” என்றார் ஆய்வாளர், ஓட்டுநருக்குக் கேட்கும்படி. உள்ளே போனார். விளக்கோடு ஓட்டுநரும் பின்னால் ஏறினார்.

கதவு மூடியது.

இரண்டு கதவுகளுக்கும் நடுவே இருந்த வெளிச்சம் ஒரு கம்பியளவு மெலிந்து, பிறகு இல்லாமலே போனது. சுவர்கள் நகரவில்லை, அவர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்ததால்தான் நகரவில்லை என்று தோன்றியது. காற்றுத் துளைகளின் பரப்பளவு அவருக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பரப்பளவு மூக்குக்குத் தெரியவில்லை. கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டதால், கைபேசியை ஓட்டுநர் வாங்கிக்கொண்டார். ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் கேமரா.

‘கிளிக்.’

பெட்டி கிளம்பியது. தரை ஆடியது. லேசாகத்தான் ஆடியது, தாம் இயக்குநரிடம் சொன்னது பொய்யல்ல என்ற எண்ணம் ஒரு கணம் வந்து, ஆறுதல் தராமல் போனது. வடத்தில் எத்தனை இழைகள், ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும், எல்லாம் அவருக்குத் தெரியும். ஒன்றும் அறுந்துபோகாது. ஒன்றும் நடக்காது. அந்த ஒன்றும் நடக்காததுதான் மாடி மாடியாக அவர் நெஞ்சின்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

“சார், கொஞ்சம் சிரிங்க,” என்றார் ஓட்டுநர்.

“சிரிக்கணும்னு… சுற்றறிக்கையில… இல்ல.”

“சிரிச்சா நல்லாயிருக்கும் சார். ஐயா பாக்கிறது.”

“இது சிரிப்புதான்,” என்றார் ஆய்வாளர்.

‘கிளிக்.’

எட்டாம் மாடிக்கு மேல் அவர் கண்களை மூடிக்கொண்டார். வாய் திறந்திருந்தது அவருக்குத் தெரியாது. மூன்றாவது ‘கிளிக்’ மிகத் தொலைவில் எங்கோ கேட்டது. பிறகு ஒரு குலுக்கல், பிறகு வெளிச்சம்.

கதவு திறந்ததும் வெளியே வந்து சுவரில் சாய்ந்தார். ஆனால் ஏறிவிட்டார். பதினேழாம் பத்தி இன்று உண்மை. இந்தச் செய்தியை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று மனம் துள்ளியது. பதினோரு ஆண்டாக நாள்தோறும் செய்துவரும் செயலை இன்றுதான் செய்தேன் என்று யாரிடம் சொல்வது?

பெட்டிக்குள் கிடைக்காதிருந்த தொடர்பு கைபேசிக்கு இப்போது கிடைத்தது. அவர் கையை நீட்டுவதற்குள், ஓட்டுநர் மூன்று படங்களையும் அனுப்பிவிட்டு அதை ஒப்படைத்தார். ஆய்வாளர் திரையைப் பார்த்தார்.

பெரிய விளக்கு தன் கடமையைச் செய்திருந்தது. முதல் படத்தில் கண்கள் பிதுங்கியிருந்தன. இரண்டாவதில், சிரிப்பு என்று அவர் சொன்ன இடத்தில், பற்கள் அத்தனையும் எண்ணும்படித் தெரிந்தன. மூன்றாவது படத்தைத் தெரியாதவர் பார்த்தால் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிப்பார். மோசமான கேமரா என்று நம்பி வாங்கியது அச்சத்தின் ஒரு மடிப்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

நான்கு நிமிடம் கழித்துக் கைபேசி ஒலித்தது.

“படம் வந்தது,” என்றார் இயக்குநர். குரல் இறங்கியிருந்தது. “பதினோரு வருஷம் ஏறின பிறகும் இப்படியா?”

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஆய்வாளர் மூச்சை இழுத்தார்.

“டிரைவர்கிட்ட குடுங்க.”

ஓட்டுநர் இரண்டு எட்டு தள்ளிப்போய்க் கேட்டார். “சரிங்கய்யா” என்றார். இன்னொரு முறையும் “சரிங்கய்யா” என்றார். பிறகு கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். அதைக் கொடுத்த விதம், இழவு வீட்டில் துண்டை நீட்டுவதுபோல இருந்தது.

“என்ன சொன்னாரு?” என்று கேட்டார் ஆய்வாளர். “சஸ்பெண்டா?”

“மருத்துவ விடுப்பு சார். ஒரு மாசம்.”

“நான் கேக்கவே இல்லையே?”

“உங்களுக்கு இல்ல சார், அவருக்கு,” என்றார் ஓட்டுநர், விளக்கை அணைத்தபடி. “அடுத்த வாரம் அமைச்சரோட பதினஞ்சு மாடி லிஃப்டுல ஏறியாகணும், ஐயா பொறந்ததுலேருந்து லிஃப்டுக்குள்ள கால் வெச்சதே இல்ல, பயமே தெரியாத ஒருத்தர் முகத்தைத் தெனம் பாத்தாலாவது தைரியம் வராதான்னுதான் இந்த போனையே வாங்கச் சொன்னாரு.”